கிளிப் மாட்டிய முதுகும் மூன்றாவது கேமராவும்

தென்காசி புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன மாதம் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை, காதில் ஜிமிக்கி, கன்னத்தில் குழி. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தேன். தொழில் புத்தி, விடுமா? கொசுவத்தில் ஒரு மடிப்புகூட விலகவில்லை. முந்தானை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. யார் இந்தப் பெண், யார் இவளுக்குச் சேலை கட்டிவிட்டது என்று விசாரித்தால், அப்படி ஒருத்தி பிறக்கவேயில்லையாம். கம்ப்யூட்டரே போட்டுக்கொடுத்த படமாம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நடு ரோட்டில் நின்று நான் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் பயந்துவிட்டார்.

டிவி சேனலில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகளிடம் இதைப் போனில் சொன்னேன். நான் ஓய்வுபெற்று வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுவிடுவார்கள். "அக்கா, உங்க காலத்துல விளம்பரப் படம் எப்படிக்கா எடுத்தாங்க? எழுதுங்கக்கா" என்று ஒரே பிடிவாதம். உங்க காலத்துல என்று சொல்லி என்னைக் கல்வெட்டுக் காலத்துக்கே அனுப்பிவிட்டார்கள், பாவிகள். சரி, எழுதிவிடுகிறேன்.

என் பெயர் உலகம்மாள். எங்கள் ஊர் அம்மன் பெயர். தென்காசியில் ஒரு தெருவில் நின்று இந்தப் பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். என்னை உலகு என்பார்கள். அப்பா வடகரையில் வயலும் தென்னையுமாக இருந்தவர், பிறகு செங்கோட்டையில் லாரி ஆபீஸ் வேலைக்குப் போனார். நான் பிளஸ் டூ முடித்ததும் மைதீன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலை செக்சனில் சேர்ந்தேன். வாடிக்கையாளருக்கு முன்னால் சேலையைத் தோளில் போட்டுக் காட்டுவது என் வேலை. நான் போட்டுக் காட்டிய சேலை பெரும்பாலும் விற்றுவிடும். அது என் அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் உயரம் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அதில் எங்களுக்குள் தீர்ப்பு ஆகவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் விளம்பரப் படம் எடுக்க மதுரையிலிருந்து வரவேண்டிய பெண் வரவில்லை. லைட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. போட்டோகிராபர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி கடை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"ஏட்டி உலகு, ஸ்டூல் போடாமலே மேல்தட்டு எட்டுதுல்லா ஒனக்கு?"

"எட்டும் அண்ணாச்சி."

"அப்போ இங்கன வந்து நில்லு."

அவ்வளவுதான். மாடலிங் கற்றுக்கொடுக்கும் பள்ளி, போட்டி, கிரீடம், ஒன்றும் கிடையாது. மேல்தட்டு எட்டியதால் நான் மாடல் ஆனேன்.

அந்தப் போட்டோகிராபர்தான் தங்கையா மாஸ்டர். தென்காசியில் சின்ன ஸ்டூடியோ. குட்டையான மனிதர், என்னைப் படம் எடுக்க அவர்தான் ஸ்டூல்மேல் ஏறி நிற்பார். அவரிடம் ஒரு விசேஷம், சிரி என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். "சிரின்னு சொன்னா பல்லு வரும், சிரிப்பு வராது" என்பார். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பெயர் சொல்வார். கல்யாணப் பட்டு என்றால், "உலகு, புளியறை பரோட்டா. சூடா. சால்னா வருது." என் முகம் அப்படியே மலரும். காட்டன் சேலைக்கு அமைதியான முகம் வேண்டும். "மோர்சாதம்" என்பார். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணைப் போல ஓர் ஏக்கம் வேண்டுமென்றால், குரலைத் தாழ்த்தி, "கோழி தீந்துட்டு" என்பார். அய்யோ, அந்த ஏக்கத்துக்கு நான் நடிக்கவே வேண்டாம். காலையிலிருந்து பட்டினி கிடந்தவளுக்கு அது சொந்தத் துக்கம்.

பட்டினிக்குக் காரணம் உண்டு. நான் கட்டுவது கடைச் சேலை. சாயங்காலம் அது மறுபடி தட்டுக்குப் போய் விற்பனைக்கு நிற்கவேண்டும். அதனால் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கசங்கும். சாப்பிடக் கூடாது, சிந்தினால் தீர்ந்தது. தண்ணீர்கூட ஸ்ட்ராவில்தான். கழுத்துக்குக் கீழே பவுடர் கிடையாது. ஊக்கு குத்தினால் ஜரிகைக்கு உள்பக்கம், நூலிழை விலகாமல் குத்தவேண்டும். படம் முடிந்ததும் பழைய மடிப்பின்மேலேயே திரும்ப மடித்து, அட்டை வைத்து, இடுப்பில் செருகியிருந்த விலைச்சீட்டை வெளியே எடுத்துத் தொங்கவிட்டால், சேலை தறியிலிருந்து இப்போதுதான் வந்தது மாதிரி இருக்கும்.

இதெல்லாம் மாஸ்டரின் மனைவி ஜெயா அக்காவின் இலாகா. அவர் கையில் சேலை கட்டிக்கொள்வது ஒரு தனி அனுபவம். சேலையோடு வரும் ரவிக்கைத் துணியை வெட்ட முடியாதல்லவா? அதனால் அக்கா நிறத்துக்கு ஒன்றாக ரவிக்கை தைத்து வைத்திருந்தார். யார் வந்தாலும் போடவேண்டும் என்று எல்லாம் பெரிய அளவு. என் உடம்புக்கு அதில் இன்னொரு ஆளும் இறங்கலாம். அக்கா என்ன செய்வார் என்றால், முன்பக்கம் உடம்போடு ஒட்டுகிற மாதிரி இழுத்து, மிச்சத்தையெல்லாம் முதுகில் சுருட்டி, துணி காயப்போடும் கிளிப்பை வரிசையாகப் போட்டுவிடுவார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். முன்னால் பார்த்தால் மகாராணி. பின்னால் பார்த்தால் மொட்டைமாடிக் கொடிக்கயிறு.

இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான், கேமராவுக்கு முதுகைக் காட்டாதே. "மூச்ச பைய விடு, கிளிப்பு தெறிச்சிரும்" என்பார் அக்கா. படம் எடுத்து முடித்துப் போகும்போதும் நான் திரும்பமாட்டேன். கோயிலில் சாமி பார்த்துவிட்டு வருகிறமாதிரி பின்னாலேயே நடந்து வெளியேறுவேன். வீட்டில்கூட அந்தப் பழக்கம் வந்து, அடுக்களையிலிருந்து பின்வாங்கி வந்து அப்பாமேல் இடித்திருக்கிறேன்.

பண்பொழித் திருமலைக் கோயில் படியில் கல்யாணப் பட்டு, வடகரை வயல் வரப்பில் கைத்தறி, தென்காசிக் கோபுர வாசலில் ஷிபான். சென்னையில் முந்தானை பறக்க மின்விசிறி வைப்பார்களாம். எங்களுக்கு எதற்கு? கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தூக்கும். மாஸ்டர் அங்கே படம் எடுத்த அன்று முந்தானை பறந்து ஒரு பூக்காரர் தலையில் போய் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுக்காமல் தன் தோளில் போட்டுப் பார்த்தார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், எங்கே திரும்பினாலும் நான்! கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் பக்கத்திலும் ஒரு போர்டு. ஒரு நாள் அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றபோது கேரளத்து லாரி டிரைவர் ஒருவர் போர்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது ஆ சேச்சியல்லே!" என்று கத்தினார். வரிசையில் நின்ற லாரியெல்லாம் ஆரன் அடித்தது. தலை கிறுகிறுத்துவிட்டது எனக்கு. அன்றைக்கு எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றே தெரியவில்லை. ஊர் தாண்டிப்போய் இறங்கித் திரும்பி வந்தேன்.

என் அம்மா செய்ததைக் கேளுங்கள். செங்கோட்டை ரோட்டில் இருந்த போர்டில் ஒரு ஓரம் கிழிந்துவிட்டது. ஊர்க்கண்ணெல்லாம் பட்டுத்தான் கிழிந்தது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். மிளகாயும் உப்பும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள், போர்டுக்குத் திருஷ்டி சுற்ற! மகளுக்குச் சுற்றுவதென்றால் தலையைச் சுற்றிவிடலாம். போர்டு தலைக்கு எப்படி எட்டும்? இரண்டு இரும்புக் கம்பத்தையும் சேர்த்து மூன்று தடவை வலம் வந்து, அங்கேயே சுள்ளி பொறுக்கி மிளகாயைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற சனமெல்லாம் இருமிக்கொண்டே வேறு ஸ்டாப்புக்கு நடந்ததாம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆனி மாதம், குற்றால சீசன் தொடங்கி சாரல் விழுந்துகொண்டிருந்த நேரம், அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மனசுல வச்சிக்கிடாத. இந்தத் தீபாவளிக்கு பம்பாயிலேர்ந்து ஒரு பிள்ளைய வரச் சொல்லிருக்கு."

"ஏன் அண்ணாச்சி, என் மூஞ்சிக்கு என்ன?"

"மூஞ்சிக்கு ஒண்ணும் இல்ல. ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சியாப் போச்சு, அதான். போர்டப் பாத்து 'எப்பா, யாரு இவ'ன்னு கேக்கணும். 'நம்ம உலகுல்லா'ன்னு சொல்லுதாவ. நம்ம உலகு கட்டுத சேலைய எவ ஆசப்பட்டு வாங்குவா?"

நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பக் கவுண்டருக்குப் போகவேண்டும். கடை வாசலுக்குமேல் என் போர்டை இறக்கிவிட்டு வேறொருத்தியை ஏற்றுவார்கள். அதற்கு நேர்கீழே நின்று நான் சேலை மடிப்பேன். வருகிறவர்கள் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்ப்பார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு சேனல், குற்றால சீசனை இரண்டு நாள் நேரலையாகக் காட்டப்போகிறது. முக்கிய விளம்பரதாரர் எங்கள் அண்ணாச்சி. அவர் மனசு கேட்காமல் ஒரு நிபந்தனை போட்டார். "முத நாளு எங்க பிள்ளைதான் பேசணும்." நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வசந்தா மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பூனை நடக்கிறமாதிரி சத்தமில்லாமல் பேசுகிறவர். கோபம் வந்தால் சத்தம் இன்னும் குறையும்.

"பேசுவியாம்மா?"

"பேசுவேன் மேடம்."

"எங்களுக்குச் சென்னையில காலை நிகழ்ச்சிக்கு ஒரு பொண்ணு வேணும். நாளைக்கு ஒரு மணி நேரம் ஒழுங்கா பண்ணிட்டா யோசிக்கலாம். ஆனா பேச்சு சுத்தமா இருக்கணும். இந்த 'சொல்லுதேன், வருதேன்' எல்லாம் ஒரு தடவை வந்தாலும் ரெண்டாவது நாள் நீ கிடையாது. சரியா?"

ஒரு தாளில் வசனம் கொடுத்தார். 'சாரல் சிந்தும் குற்றாலச் சோலையிலிருந்து உங்கள் அன்புத் தோழி' என்று தொடங்கும். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தேன். நான் படித்ததைக் கேட்டுக் கேட்டு, காலையில் அம்மாவே "அன்புத் தோழி, காப்பி ஆறுது" என்றாள். பேச்சுப் பயத்தில் வேறு எதையும் நான் யோசிக்கவேயில்லை. மேடம் மூன்று கேமரா என்றார். எதில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதைப் பார் என்றார். நான் மெயினருவிக்கு எதிரே போட்டிருந்த மேடையில் ஏறிப் பார்த்தேன். முன்னால் இரண்டு நின்றன. மாஸ்டர் எப்போதும் பையில் ஒரு கேமரா உபரியாக வைத்திருப்பார், ஒன்று மக்கர் பண்ணினால் மாற்றிக்கொள்ள. மூன்றாவது அந்த மாதிரி என்று நானும், ஜெயா அக்காவும், கூட வந்திருந்த மாஸ்டரும், மூன்று பேருமே ஒரேமாதிரி நினைத்துக்கொண்டோம்!

ஆக, அக்கா வழக்கம்போல லாட்ஜ் அறையில் வைத்து எனக்கு அரக்கு நிறப் பட்டைக் கட்டிவிட்டு, முதுகில் வழக்கம்போலக் கிளிப் மாட்டினார். அன்றைக்கு முக்கியமான நாள் என்று கூடவே இரண்டு போட்டார்.

நேரலை ஆரம்பித்தது. முன்னால் எண்ணெய்த் தலையும் துண்டுமாகக் கூட்டம். கூட்டம் பார்ப்பதற்கென்று ஓரத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்தேன். "சாரல் சிந்தும் குற்றாலச் சோலையிலிருந்து" என்று எடுத்தேன். கணீரென்று வந்தது. ஒரு 'தேன்' இல்லை, ஒரு 'தாவ' இல்லை. எனக்கே என்மேல் காதல் வந்துவிட்டது. வசனத்தில் மூன்றாவது பத்தி, 'இதோ, உங்கள் முன் ஆர்ப்பரிக்கும் மக்கள் வெள்ளம்' என்று கையை நீட்டவேண்டும். நீட்டினேன். முன்னால் இருந்த கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது.

கூட்டம் சிரித்தது.

நான் நல்லா பேசுகிறேன் என்று சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கையை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். ஓரத்துத் திரையைப் பார்த்தால், அடி ஆத்தே! திரை முழுக்க ஒரு முதுகு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று வரிசையாகக் கிளிப். நடுவில் இடுப்பிலிருந்து விடுபட்டு விலைச்சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. யார் முதுகு என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மூன்றாவது கேமராவை எனக்குப் பின்னால், உயரமான ஸ்டாண்டில், கூட்டத்தைக் காட்ட வைத்திருந்தார்கள்!

காதில் மாட்டியிருந்த கருவியில் மேடம் மிகமிக மெதுவாக, "திரும்பும்மா, திரும்பு" என்றார். திரும்பினேன். இப்போது முதுகு முன்னால் இருந்த கேமராவுக்குப் போய்விட்டது. பதற்றத்தில், வேனுக்குள் உட்கார்ந்து கேமராவை மாற்றும் பையன்கள் முன் கேமராவுக்கே மாற்றிவிட்டார்கள் போல. திரையில் மறுபடி கிளிப். நான் மறுபடி திரும்ப, அவர்கள் மறுபடி மாற்ற, தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஒரு ஆட்டம் ஆடினேன். தப்பிக்க வழியே இல்லை. சென்னை போச்சு, கவுண்டர்தான், சேலை மடிக்கவேண்டியதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. முன்வரிசையில் நின்ற அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து, ஈரச் சேலையோடு நின்ற ஒரு அம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "ஏட்டி உலகு! என்னட்டி முதுகுல கொடி கட்டிருக்க?"

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "ஆமா மைனி! ஒங்க துண்டையும் கொண்டாங்க, காயப்போட்டுத் தாரேன்!"

அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது அந்தச் சிரிப்பு. வசனத் தாள் என் தலைக்குள்ளிருந்து பறந்தே போய்விட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? முந்தானையை இழுத்து முதுகைச் சுற்றிப் பத்திரமாக மூடிக்கொண்டு, உள்ளே கையை விட்டு ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினேன். கழற்றக் கழற்ற ரவிக்கை ஊதிக்கொண்டே வந்தது. கிளிப்பைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினேன்.

"இன்னா பாருங்க, போர்டுல பாத்தீங்கல்லா, சிக்குனு நிக்காளே ஒருத்தி, அவ சங்கதி இதான்! உள்ள இன்னொரு ஆளு குடியிருக்கலாம், அம்புட்டு எடம் கெடக்கு. காலையிலேர்ந்து உக்காரல, ஒரு வாய் சாப்புடல. எனக்கு இப்ப ஒரு இட்லி கெடச்சா போட்டோவுல இருக்குததவிட நல்லா சிரிப்பேன்."

எங்கிருந்தோ இட்லிப் பொட்டலம் ஒன்று மேடைக்குப் பறந்து வந்தது. சாப்பிட்டேன். நேரலையில், கடைச் சேலையில், உட்கார்ந்து!

அண்ணாச்சியை அப்படியே விட முடியுமா? அவர் சேலைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே. "கிளிப்பு ரவிக்கைக்குத்தான் கேட்டுக்கிடுங்க, சேலைக்கு இல்ல" என்று எழுந்து நின்று கொசுவத்தைக் காட்டினேன். "உக்காந்து எந்திச்சும் மடிப்பு கலையல பாத்தீங்களா? இது பட்டு!" அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதற்குமேல் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நேயர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. முதல் அழைப்பு கடையநல்லூரிலிருந்து ஒரு பெண். குரலில் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"யக்கா, எங்க வீட்டுக்காரவ சவுதியில இருக்காவ. ஊருக்கு வந்துட்டுப் போகும்போது ஒங்க போர்டப் போட்டோ புடிச்சிட்டுப் போனாவ. அதே சேலைய வாங்கிக் குடுத்து, இதே மாதிரி கட்டி எடுத்து அனுப்புன்னு சொல்லுதாவ. நானும் கட்டிக் கட்டிப் பாக்கேன், வரவே மாட்டேங்கு. நமக்குத்தான் ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இப்பல்லாக்கா தெரியுது!"

சிரிக்கவைக்கவேண்டும் என்று கிளிப்பைக் கழற்றினேனே தவிர, என் போர்டைப் பார்த்து ஒருத்தி வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வருத்தப்பட்டிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. "ஒன் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லட்டி" என்றேன். "ஒங்க வீட்டுக்காரவகிட்ட சொல்லு, அந்த மாதிரி வேணும்னா ஒரு டஜன் கிளிப்பு வாங்கி அனுப்பச் சொல்லு. இல்ல, ஒன்னய மாதிரியே வேணும்னா டிக்கெட்டப் போட்டு வந்து பாக்கச் சொல்லு!"

"நல்லாச் சொன்னீங்கக்கா! டிவி பாத்துக்கிட்டுதான் இருப்பாவ, கேக்கட்டும்!"

அதன்பிறகு போன் நிற்கவேயில்லை. ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மேடம் வேனுக்குள் கூப்பிட்டார். மேடம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். சத்தமே இல்லாத குரல்.

"நான் கொடுத்த ஸ்கிரிப்ட்ல மூணாவது பத்திக்கு மேல நீ ஒரு வரிகூடச் சொல்லலை, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லுதேன், வருதேன், எல்லாம் வந்துச்சு."

"வந்துட்டு மேடம்."

"நாளைக்கும் அந்த ஸ்கிரிப்ட்ட சொல்லிடாதே" என்றார். அப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "திரும்புன்னு நான் சொன்னா நீ திரும்புற, அவன் கேமராவ மாத்துறான், நீ திரும்புற..." என்று சொல்லிச் சொல்லி வேன் குலுங்கச் சிரித்தார்.

சென்னையில் நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். காலை நிகழ்ச்சி, சமையல், கோலப்போட்டி. பிறகு ஒரு தொடரில் நாத்தனார் வேடம். அந்த நாத்தனாரை ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றில் தள்ளிக் கொன்றார்கள். நேயர்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு அடுத்த மாதமே தலையில் கட்டோடு திரும்பி வந்தேன். கடைசி வருஷங்களில் புதுப் பிள்ளைகளைக் கேமரா முன் நிறுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. பேச்சை மட்டும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானும் மாற்றவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய நாளைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முடியாது. சேனலில் ஆறு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ரயில். சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தவளுக்குக் காலையில் எழுந்ததும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரைத் தெரியும் அங்கே? ஏழாவது மாதம் போ என்று சொல்லிவிட்டால்? நேரே கடைக்குப் போனேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஆறு மாசந்தான் சொல்லிருக்காவ. ஒருவேள சரிப்படலன்னா திரும்பி வந்துருவேன். சேலை செக்சன்ல என் எடத்த யாருக்கும் குடுத்துராதீங்க."

"முடியாது" என்றார்.

"அண்ணாச்சி?"

"ஒனக்கு இங்க எடம் கெடையாது. நேத்தே ஆள் போட்டாச்சு."

எனக்கு அப்படியே சுருக்கென்று தைத்தது. எத்தனை வருஷம் இந்தக் கடையில் நின்றிருப்பேன்! நேரலையில் இவர் சேலைக்காக எவ்வளவு பேசினேன்! கிளிப் விஷயத்தில் இன்னும் கோபம்தான் போல என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எடம் இருக்குன்னு தெரிஞ்சா நீ ரெண்டாம் மாசமே ரயிலேறி வந்து நிப்படி. ஒங்கம்மா போன்ல ஒரு மூச்சு அழுதாலே வந்துருவ. ஒன்னய எனக்குத் தெரியாதா? அதான் அடைச்சிட்டேன். திரும்பிப் பாக்காமப் போயிட்டு வாட்டி. இங்கன ஒனக்கு ஒண்ணும் இல்ல."

கடைசி வார்த்தையில் அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவைத் தேடுகிறமாதிரி மேசை டிராயரைத் திறந்து குனிந்துகொண்டார். நான் வாசல் பக்கமாகத் திரும்பி நின்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து என்னிடம் கேட்டாள், "காட்டன் சேல எங்கன இருக்கும்மா?"

"மேல வாங்கக்கா, புது டிசைன் வந்துருக்கு" என்று நான் விறுவிறுவென்று படியேறிவிட்டேன். பாதிப் படி போனபிறகு கீழேயிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"ஏ கோட்டிக்காரி! எங்கட்டி போற? எறங்கு கீழ!"

கடையே சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீரோடு சிரித்தேன். சேலை செக்சனிலிருந்து ஒரு புதுப்பெண் ஓடிவந்து, "வாங்கக்கா, நான் காட்டுதேன்" என்று அந்த அம்மாவை மேலே கூப்பிட்டாள். நான் சுவரோடு ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டேன்.